மன்னிப்பு என்னும் பாக்கியம்

தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும். வெள்ளி மாலை கொடியேற்றம், பிறகு சிலுவைப்பாதை, மறுநாட் காலை திருப்பலி. யுத்த வருடங்களில் நெடுங்காலம் தடைப்பட்டிருந்த திருவிழா அது. 2016 டிசம்பரில் அங்கே புதிய ஆலயமும் திறக்கப்பட்டது. தீவகத்துப் பெண்கள் பலர் நேர்த்தி வைத்துத்தான் போகிறார்கள். பிள்ளைக்குச் சுகம் வேண்டும், தொழில் சரிவரவேண்டும், காணாமற்போனவர் திரும்பி வரவேண்டும் என்று கேட்பார்கள். கேட்பது நல்லதே. ஆனால் தவக்காலத்தில் நாம் கேட்க முன்னரே ஆண்டவர் எமக்கு நீட்டுகின்ற ஒன்று இருக்கிறது. அதுதான் பாவமன்னிப்பு. அதை வாங்குவதற்கு மட்டும் எம்மிற் பலர் பின்னிற்கிறோம்.

ஏன்? “ஷெல் விழுந்த அன்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பியது நான்தானே.” “நடக்கமாட்டாத அம்மாவை விட்டுவிட்டு ஓடினேனே.” “கடலுக்குப் போகமாட்டேன் என்றவரை அரிசி இல்லை என்று சொல்லி அனுப்பினேனே.” இப்படிச் சொல்லும் பெண்கள் எமது ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். ‘எனக்கு மன்னிப்பே இல்லை’ என்று தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்கள். சகோதரிகளே, சாவான பாவம் என்பதற்குத் திருச்சபை சொல்லும் நிபந்தனைகள் மூன்று. காரியம் பாரதூரமானதாக இருக்கவேண்டும், தெரிந்து செய்திருக்கவேண்டும், மனம் பொருந்திச் செய்திருக்கவேண்டும். பிள்ளையைக் கடைக்கு அனுப்பியதில் இவற்றுள் எது இருக்கிறது? பலாத்காரத்துக்கு உள்ளாக்கப்பட்ட பெண்ணுக்கும் இதுவே பொருந்தும். பாவம் செய்தவன் அவன், அவள் அல்ல. இவற்றைக் குருவானவரிடம் சொல்லக்கூடாது என்பதல்ல. ‘இது உன் பாவமல்ல’ என்று ஒருவர் வாயாற் சொல்லக் கேட்பதற்காகவேனும் போகலாம்.

மெய்யாகவே செய்த பாவங்களும் உண்டு. பசியிலும் பயத்திலும் நடந்தவை. இடம்பெயர்ந்த அயலவரின் வீட்டுச் சாமானை எடுத்திருப்போம். எமது பிள்ளை தப்பவேண்டும் என்று இன்னொரு தாயின் பிள்ளையைக் காட்டிக்கொடுத்திருப்போம். கருவைக் கலைத்திருப்போம். இராயப்பரை நினைத்துப் பாருங்கள். எம்மவரைப் போலக் கடற்றொழிலாளிதான். உயிர்ப்பயத்தில் இயேசுவை அறியேன் என்று மூன்றுதரம் மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவரோ கடற்கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் கொடுத்து அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஏன் அப்படிச் செய்தாய் என்று விசாரணை வைக்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்றுதான் மூன்றுதரமும் கேட்டார்.

இந்த மன்னிப்புக்கு விலையில்லை. மெழுகுதிரியோ, உபவாசமோ, நேர்த்திக்கடனோ இதை வாங்கித் தராது. மெய்யான மனஸ்தாபம் வேண்டும், மறைக்காமற் சொல்லவேண்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுக்கவேண்டும். கேட்ட குருவானவர் அதை உயிர் போனாலும் வெளியிடமுடியாது. பொலிசாருக்கும் சொல்லமுடியாது, எமது வீட்டாருக்கும் சொல்லமுடியாது. கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் 2016 நவம்பரில் நிரந்தரமாகவே வழங்கினார். இதை அறியாமல் இன்னும் தம்மைத் தாமே விலக்கி வைத்திருக்கும் பெண்களுக்கு அருகிலிருப்பவர்கள் பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது.

இனிக் கடினமான பகுதி. கர்த்தர் கற்பித்த செபத்தில், நாமும் மன்னிப்பதாகச் சொல்லித்தான் மன்னிப்புக் கேட்கிறோம். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 30க்கு மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2006 ஓகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் ஷெல் வீச்சிற் பலியானார்கள். அம்மக்களுக்காக ஓடித்திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார், அதே மாதம் 20ஆம் திகதி அல்லைப்பிட்டிக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. இவற்றில் உறவுகளை இழந்தவளிடம் ‘மன்னித்துவிடு, மறந்துவிடு’ என்று சொல்வது இலகு. சிலர் அவசரப்பட்டே சொல்லிவிடுகிறார்கள் என்பது எமது எண்ணம். நோவை உணராதிருப்பதும் மறப்பதும் மனிதரின் சக்திக்குட்பட்டதல்ல என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே ஒத்துக்கொள்கிறது. பழிவாங்க நினையாமல், ஆண்டவரே என்னால் முடியவில்லை, நீர் உதவும் என்று கேட்பதே தொடக்கம்.

மன்னிப்பது வேறு, கேள்வியைக் கைவிடுவது வேறு. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தம்மை 1981இற் சுட்டவரைச் சிறைக்கே போய்ச் சந்தித்தார். சுட்டவரோ பின்னரும் பல வருடங்கள் சிறையிலேதான் இருந்தார். அயலவரின் சாமானை எடுத்த நாமே திருப்பிக் கொடுக்கவேண்டுமானால், எமது பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் உண்மையைச் சொல்லவேண்டும் என்று கேட்பது எப்படி மன்னிப்புக்கு விரோதமாகும்?

பழகிய பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால் வேறு பங்குக்குப் போகலாம், எவரும் தடுக்கமுடியாது. பாவசங்கீர்த்தனம் செய்து இருபது, முப்பது வருடமாகிவிட்டதென்றால் அதையே முதல் வசனமாகச் சொல்லுங்கள். செபங்கள் மறந்திருந்தாலும் குறையில்லை, குருவானவர் சொல்லித் தருவார்.