கால் நகம் சதையை குத்துதா? பிளேடை கீழே போடுங்க!

சென்னை: நாள் முழுக்க ஷூ மாட்டிக்கொண்டு நிற்கும் செக்யூரிட்டிகள், ஓட்டல் சப்ளையர்கள், போலீஸ்காரர்கள்... இவர்களை பாடாய்ப்படுத்தும் தொல்லை ஒன்று உண்டு. கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் புகுந்து குத்துவதுதான் அது. விரல் சிவந்து வீங்கும். செருப்பு பட்டாலே உயிர் போகும்.

பலரும் இதை நகச்சுத்தி என்று நினைத்து, பிளேடால் ஓரத்தை தோண்டி எடுத்து விடுகிறார்கள். அன்றைக்கு வலி குறையும். ஆனால் உள்ளே மிஞ்சிய கூர்முனை வளர வளர, மறுபடியும் சதையை கிழிக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சீழ் பிடிக்காத வரை வீட்டு வைத்தியமே போதும். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, உப்பு போட்டு, 15 முதல் 20 நிமிடம் காலை ஊற வையுங்கள். தினமும் 3, 4 தடவை செய்தால் நல்லது. வேலைக்கு போகிறவர்கள் காலையும் ராத்திரியுமாவது செய்யலாம். ஊறியதும் ஈரம் போக துடைத்து, சதையை நகத்தை விட்டு மெதுவாக ஒதுக்குங்கள். சுத்தமான பஞ்சை மெல்லிய திரியாக்கி நக ஓரத்துக்கு அடியில் வையுங்கள். தினமும் பஞ்சை மாற்ற வேண்டும். ஆறும் வரை ஷூ வேண்டாம், முன்பக்கம் திறந்த செருப்புதான் சரி.

சுகர் இருந்தால் உஷார்!

சர்க்கரை நோயாளிகள் இதை வீட்டில் செய்யவே கூடாது. கால் மரத்துப் போயிருந்தால் தண்ணீர் சுடுவதே தெரியாது. சின்ன புண்ணும் சீக்கிரம் ஆறாது. முற்றினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். முதல் நாளே டாக்டரிடம் காட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

மற்றவர்களும் சீழ் வடிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை புறநோயாளிகள் பிரிவில் காட்டலாம். விரல் மரத்துப்போக ஊசி போட்டு, குத்துகிற ஓரத்தை மட்டும் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

மறுபடி வராமல் இருக்க...

நகத்தை நேராக வெட்டுங்கள். மூலையை வளைத்து ஒட்ட வெட்டாதீர்கள். கால் நகம் மாதத்துக்கு சுமார் ஒன்றரை மில்லி மீட்டர்தான் வளரும். ஒரு நாள் அவசரத்தில் தோண்டிய மூலை, பழையபடி வளர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வலியும் போகாது, வேலையும் ஓடாது!