அண்ணன் தார், தம்பி தார்

‘தார்’ என்றதும் ரோடு போடும் தாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். வாழைத்தாரும் அல்ல. இது ஒரு ஜீப் வண்டியின் பெயர். ராஜஸ்தானத்தில் இருக்கும் தார் பாலைவனத்தின் பெயரை மகிந்திரா கம்பெனியார் இந்த வண்டிக்குச் சூட்டினார்கள்.

இந்தப் பெயரில் இரண்டு வண்டிகள் உண்டு. பழைய தார் 2010-ம் ஆண்டில் வந்தது. அதன் இடத்துக்கு வந்த புதிய தார், 2020 அக்டோபர் 2-ந் தேதி விற்பனைக்கு வந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே ஜாடைதான். ஏறி உட்கார்ந்தால்தான் சங்கதி தெரியும்.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்த இரண்டு வண்டிகளும் நிற்கின்றன. அண்ணனிடம் 2014-ம் வருஷத்துப் பழைய தார். தம்பியிடம் 2021-ம் வருஷத்துப் புதிய தார். மலைமேல் அவர்களுக்கு மிளகும் காப்பியும் விளைகிற ஒரு தோட்டம் இருக்கிறது.

பழைய வண்டியை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? அந்த வீட்டில் ஆறு மாதமாக இதுதான் பேச்சு.

“நீங்க ரெண்டு வண்டியிலயும் ஏறிப் பார்த்துச் சொல்லுங்க” என்று அண்ணன் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன்.

பட்டாளத்து வாரிசு

மலை ஏறுவதற்கு முன்னால் இந்த வண்டியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, அமெரிக்கப் பட்டாளத்துக்காகப் பிறந்தது ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. சேறு, மணல், மலை எதுவானாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதுதான் ஜீப்பின் விசேஷம்.

யுத்தம் முடிந்ததும் பம்பாயில் அதே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது மகிந்திரா கம்பெனி. 1945-ல் அந்தக் கம்பெனி தொடங்கியபோது அதன் பெயர் ‘மகிந்திரா அண்டு முகமது’. கூட்டாளியான குலாம் முகமது, தேசப் பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய், அந்த நாட்டின் முதல் நிதி மந்திரியானார். இங்கே இருந்த கம்பெனி, 1948-ல் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆயிற்று.

அதன்பின் நம் நாட்டில் ஜீப் நுழையாத ஊர் இல்லை. போலீஸ் வந்தாலும் ஜீப். தாசில்தார் வந்தாலும் ஜீப். எலெக்ஷன் வந்தாலும் ஜீப். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். அதில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

பழைய தார் இந்த ஜீப்பின் நேர் வாரிசு. முன்னால் இரண்டு பேர். பின்னால் அதே பெஞ்சுகள். மேலே படுதாக் கூரை. பக்கத்துப் படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பிள்ளைகளுக்கு இதைவிடக் குஷி வேறு என்ன வேண்டும்!

புதியதில் முப்பத்தைந்து வளைவு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முதல் 35 வளைவுகள் தம்பியின் புதிய வண்டியில் போவது, மீதியை அண்ணனின் பழைய வண்டியில் போவது என்று முடிவு செய்துகொண்டோம்.

குடும்பம் முழுவதும் கிளம்பிவிட்டது. அண்ணன் வண்டியில் முன் ஆசனத்தில் அவர்களுடைய தாயார். பின் பெஞ்சுகளில் இரண்டு மருமகள்கள், மூன்று பிள்ளைகள், ஒரு டிபன் காரியர், ஒரு தண்ணீர்க் குடம். தம்பி வண்டியில் அவரும் நானும் மட்டும்.

புதிய தாரின் டீசல் எஞ்சினுக்கு 130 குதிரைச் சக்தி. பெட்ரோல் எஞ்சின் உள்ள வண்டிக்கு 150. பழைய தாரின் பெரிய எஞ்சினுக்கு 105 தான். ஏற்றத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. வளைவு முடிந்து காலால் ஒரு மிதி மிதித்தால் வண்டி முனகாமல் எழும்புகிறது.

குலுங்கல் மிகவும் குறைவு. பழைய தாரின் பின்பக்கத்தில், லாரிக்கு இருப்பது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள். சுமைக்கு அவை தோதானவை, இடுப்புக்கு அல்ல. புதிய தாரில் நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங். குழியில் இறங்கினால் வண்டி வளைந்து கொடுக்கிறது.

வண்டியின் வயிறு தரையிலிருந்து 226 மில்லி மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழையதில் 200. சுமார் 65 சென்டி மீட்டர் ஆழமுள்ள, அதாவது முழங்காலுக்கு மேல் வரும் தண்ணீரில் புதிய வண்டி இறங்கிப் போகலாம் என்கிறது கம்பெனி. கூரை கெட்டியானது. கதவை மூடினால் ஏ.சி.யின் குளிர் உள்ளேயே தங்குகிறது. பழையதிலும் ஏ.சி. உண்டு. ஆனால் படுதா இடுக்கு வழியாகப் பாதிக் குளிர் கொல்லிமலைக்கே போய்ச் சேர்ந்துவிடும்! சேறு படிந்தால் புதிய வண்டியின் தரையை வீட்டுத் தரை மாதிரி தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். தண்ணீர் வெளியேற அடியில் துவாரம் வைத்து மூடி போட்டிருக்கிறார்கள்.

நமக்குப் பெருமையான விஷயம் ஒன்று. இந்தப் புதிய வண்டியின் எஞ்சினியரிங் வேலை, செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் உள்ள மகிந்திராவின் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் நடந்தது. வண்டியைச் செய்வது நாசிக்கில். முதல் வண்டியை ஏலம் விட்டபோது 1 கோடியே 11 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. பணம் தர்ம காரியத்துக்கு.

இவ்வளவையும் தம்பி சொல்லி முடிப்பதற்குள் 35-வது வளைவு வந்துவிட்டது.

பழையதில் முப்பத்தைந்து வளைவு

இறங்கிப் போய் அண்ணன் வண்டியின் பின் பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். எஞ்சின் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. ஆனால் மலைக் காற்றும், பலா மர வாசனையும், பிள்ளைகளின் கூச்சலும் சேர்ந்து ஒரு திருவிழாவாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், தம்பியின் ஏ.சி.யை நான் உடனே மறந்துவிட்டேன்.

அடுத்த சில வளைவுகளுக்குள் அது நடந்தது.

மேலேயிருந்து ஒரு பஸ் திரும்பியது. அண்ணன் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றுவிட்டது. பஸ்ஸும் ஒதுங்கிப் போய்விட்டது. ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் பெஞ்சில் இருந்த நாங்கள் வரிசையாக முன்பக்கம் சரிந்தோம். கடைசியில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பையன் வழுக்கிக்கொண்டு வந்து, பாட்டியின் ஆசன முதுகில் தலையை இடித்துக்கொண்டான். டிபன் காரியர் உருண்டு அவன் காலடியில் கிடந்தது. பையன் சிரித்தான். அவன் தாயார் சிரிக்கவில்லை.

பக்கவாட்டுப் பெஞ்சின் கோளாறு இதுதான். டவுன் பஸ்ஸில் நீளவாட்டு ஸீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இது புரியும். டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்வார்கள். வண்டி முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றாலும் நம் உடம்பு முன்னாலேயே போகப் பார்க்கிறது. நேராகப் பார்த்து உட்கார்ந்தால் மார்பின் குறுக்கே போட்ட பெல்ட் பிடித்து நிறுத்தும். பக்கவாட்டில் உட்கார்ந்தவனை எது நிறுத்தும்? அவன் கழுத்து பக்கவாட்டில் ஒடிகிறது. அவன் போய் மோதுவது இரும்பிலோ, அடுத்தவர் தலையிலோதான்.

மெதுவாகப் போகும்போதே இப்படியென்றால், வேகமாகப் போய் மோதினால்?

மோதிப் பார்த்த கதை

வேகமாக மோதினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. அதன் பெயர் குளோபல் என்-கேப். வண்டிக்குள் மனிதப் பொம்மைகளை வைத்து, மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் கொண்டுபோய்த் தடுப்பில் மோத விடுவார்கள். வண்டியின் முகத்தில் பாதிக்கும் குறைவான பகுதிதான் மோதும். எதிரே வரும் வண்டியோடு மோதும்போது பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது! பொம்மையின் தலை, கழுத்து, மார்பு, முழங்கால் என்ன கதிக்கு ஆளாயின என்று கருவிகள் சொல்லும். அதற்கு ஏற்ப, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்புப் போடுவார்கள்.

2020 நவம்பரில் புதிய தாருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 4 நட்சத்திரம் கிடைத்தது. குழந்தைகள் பாதுகாப்பிலும் 4 நட்சத்திரம். குழந்தை மார்க்கு 49-க்கு 41-க்கு மேல். முன்னால் இரண்டு காற்றுப் பைகள், உருண்டாலும் தலை நசுங்காமல் காக்கும் இரும்புக் கூண்டு, பின்னால் குழந்தை ஆசனத்தைப் பூட்ட இரும்புக் கொக்கிகள் எல்லாம் அதில் உண்டு. பழைய தாரில் காற்றுப் பையே கிடையாது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதிய தார் வந்தபோது, விலை குறைந்த மாடல் ஒன்றில் பழைய மாதிரியே பக்கவாட்டு ஆசனங்களை வைத்து ஆறு பேருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். நட்சத்திரம் வாங்கியது அந்த மாடல் அல்ல. பின் ஆசனங்கள் நேராகப் பார்க்கும் நாலு பேர் வண்டிதான். சில மாதங்களுக்குள் பக்கவாட்டு மாடல் விலைப் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது.

ஜீப் என்றால் பெஞ்சு என்று இருந்த காலம் அத்தோடு போயிற்று. பழைய தாரும் அதற்கு முன்பே விடைபெற்றிருந்தது. மோதல் பரீட்சை, ஏ.பி.எஸ். பிரேக், காற்றுப் பை என்று 2019-ல் சர்க்கார் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் புதிய புகை விதியும் வந்தது. கடைசி 700 வண்டிகளை, ‘தார் 700’ என்று தனிப் பெயரிட்டு விற்று முடித்தார்கள்.

பாட்டி சொன்ன குறை

தோட்டத்தில் சாப்பாடு முடிந்தது. பாட்டியிடம் புதிய வண்டியைப் பற்றிக் கேட்டேன்.

“வண்டி நல்ல வண்டிதான் சாமி. ஆனா பொறத்தாண்ட ஏறுறதுக்குக் கதவே வெக்கலயே!” என்றார்.

குறை நியாயமானது. புதிய தாரில் பின்னால் போக வேண்டுமென்றால் முன் ஆசனத்தை மடித்து, அந்தச் சந்தில் நுழைய வேண்டும். இளைஞர்கள் நுழைவார்கள். முழங்கால் வலிக்காரர் எப்படி நுழைவது? தவிர, எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு நாலு பேர் வண்டி. அறிமுகமானபோதே விலை ரூ.9 லட்சத்து 80 ஆயிரத்தில் தொடங்கி ரூ.13 லட்சத்து 75 ஆயிரம் வரை போயிற்று. அவ்வளவு பணம் கொடுத்தும் பாதிக் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது! 2024 ஆகஸ்டில் வந்த ‘தார் ராக்ஸ்’ வண்டியில் ஐந்து கதவு, ஐந்து ஆசனம். அறிமுக விலை சுமார் ரூ.13 லட்சத்தில் தொடங்கியது. பாட்டி அதில் சுலபமாக ஏறலாம். ஆனாலும் மூன்று பேர் மிச்சம்!

ரிப்பேர் விஷயத்தில் அண்ணன் கட்சி பலமானது. பழைய வண்டி நடுவழியில் மக்கர் செய்தால் சேந்தமங்கலத்து மெக்கானிக் ஒருவர் ஸ்பானரோடு வந்து கிளப்பிவிடுகிறார். புதிய வண்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தாலும் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்த பிறகுதான் என்ன நோய் என்றே தெரிகிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எந்த வண்டி மேல்? என் தீர்ப்பை அங்கேயே சொன்னேன். சுமைக்கும் தோட்டத்துக்கும் பழையது போதும். அதை விற்க அவசரம் இல்லை. ஆனால் பிள்ளைகளை அந்தப் பெஞ்சில் ஏற்றக் கூடாது.

“அப்ப பள்ளிக்கூடத்துக்கு?” என்று பெரியவள் கேட்டாள். தினமும் காலையில் மூன்று பேரையும் அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் அண்ணன் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். தம்பி அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. மிளகு மூட்டைகளைத் தூக்கி வந்து ஒரு பக்கத்துப் பெஞ்சின்மேல் அடுக்க ஆரம்பித்தார். ஐந்து மூட்டை ஏற்றிய பிறகு தம்பியைப் பார்த்தார்.

“மூணு பேரும் உன் வண்டியில வரட்டும். பெரியவளை முன்னால உக்கார வை. பெல்ட் போட்டுட்டாங்களான்னு நீயே பாரு.”

“சரிங்கண்ணா.”

பாட்டி வழக்கம்போல் முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டார். மீதி இருந்த பெஞ்சில் இரண்டு மருமகள்களும் நானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இந்தத் தடவை கூரைக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் இறங்கியதும் சின்னவன் ஓடி வந்து புகார் சொன்னான். சித்தப்பா வண்டியில் தலையை வெளியே நீட்டவே முடியவில்லையாம்.

அண்ணன் பர்ஸிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பள்ளிக்கூட பஸ் டிரைவரின் போன் நம்பர் அது. எத்தனை நாளாகப் பர்ஸில் வைத்திருந்தாரோ, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.