வளரும் பிள்ளையின் எடை: அவசரம் வேண்டாம்

"இரண்டே மாதத்தில் பத்துக் கிலோ குறைய வேண்டும்" என்பது, பதின்பருவப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலர் எங்களிடம் முன்வைக்கும் கோரிக்கை. அவர்களின் கவலை நியாயமானது. ஆயினும், வளர்ந்து முடிந்த உடலுக்குரிய வழிகளை, வளர்ந்துகொண்டிருக்கும் உடலுக்கு அப்படியே பின்பற்றலாகாது.

வாழ்நாள் முழுமைக்குமான எலும்பு வலிமையின் பெரும்பகுதி இப்பருவத்திலேயே சேர்கிறது. இவ்வேளையில் பட்டினி கிடந்தால் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரைகிறது. உயரம் கூடுவது தடைப்படலாம். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம்.

எடை நிலைத்தாலே போதுமா?

வளரும் பிள்ளைகள் பலருக்கு எடை குறைய வேண்டியதில்லை; மேலும் கூடாமல் இருந்தாலே போதும். 150 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள சிறுவனின் உடல் நிறைக் குறியீட்டெண் ஏறத்தாழ 26.7. அதே எடையில் அவன் 158 செ.மீ. உயரத்தை எட்டினால், அது 24 ஆகிவிடும். பெரியவர்களுக்கான அளவுகோல் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. எனவே, வயதுக்கும் பாலினத்திற்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் குறித்தே நாங்கள் முடிவுசெய்கிறோம்.

வளர்ச்சி ஏறக்குறைய முடிந்தவர்களுக்கும், எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் எடை குறையத்தான் வேண்டும். அதுவும் மருத்துவக் கண்காணிப்புடன், வாரத்திற்கு அரைக் கிலோ அளவில் குறைவது போதுமானது.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் பானங்களைக் கவனியுங்கள். 300 மி.லி. குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது ஆறு தேக்கரண்டி. அதற்குப் பதில் தண்ணீரோ சர்க்கரையில்லாத மோரோ கொடுக்கலாம்.

காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, மாலையில் பசி தாளாமல் டியூஷனுக்குப் போகும் வழியில் பப்ஸையும் பஜ்ஜியையும் நாடுகிறது. இட்லியோ தோசையோ தடையில்லை. உடன் சாம்பாரும் ஒரு முட்டையும் இருக்கட்டும். மாலைக்குச் சுண்டல் கொடுத்தனுப்புங்கள். மதியத் தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, காய்கறியையும் கீரையையும் கூட்டுங்கள்.

நாள்தோறும் ஒரு மணி நேரம் உடலுழைப்பு தேவை. பொதுத்தேர்வு ஆண்டிலும் விளையாட்டு நேரத்தை முற்றிலும் பறித்துவிட வேண்டாம். எட்டு முதல் பத்து மணி நேர உறக்கமும் அவசியம். உறக்கம் குறைந்தால் பசி கூடும்.

இம்மாற்றங்கள் வீட்டில் உள்ள அனைவருக்கும் உரியவை. தம்பிக்கு முறுக்கும் அக்காவுக்கு வெள்ளரிக்காயும் என்று பிரித்து வைத்தால், அது பிள்ளைக்குத் தண்டனையாகவே தோன்றும்.

சொற்களில் கவனம்

உறவினர் முன்னிலையில் "குண்டு" என்று கேலி செய்வதால் எடை குறைவதில்லை. ஒளித்து உண்ணும் பழக்கமே வளர்கிறது. சில பிள்ளைகள் இதற்கு நேர்மாறாக உணவையே வெறுக்கத் தொடங்குகின்றனர். உண்டபின் கழிவறைக்குச் சென்று வாந்தி எடுப்பது, குடும்பத்தாருடன் அமர்ந்து உண்ண மறுப்பது, மயங்கி விழுவது, எடை வேகமாகச் சரிவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். எடை குறைகிறதே என்று மகிழாமல், உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

எப்போது பரிசோதனை?

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால், அது அழுக்கன்று. தேய்த்துக் கழுவினாலும் போகாது. இன்சுலின் சரிவரச் செயல்படாததன் அடையாளமாக அது இருக்கலாம். பலத்த குறட்டை, ஒழுங்கற்ற மாதவிடாய் ஆகியவற்றுக்கும் பரிசோதனை தேவை. எடை கூடியும் உயரம் கூடாவிட்டால், தைராய்டு போன்ற ஹார்மோன் குறைபாடு உள்ளதா என்று நாங்கள் ஆராய்வோம். விளம்பரங்களில் வரும் எடைக்குறைப்புப் பொடிகளையும் மாத்திரைகளையும் பிள்ளைகளுக்குத் தர வேண்டாம்.

நாள்தோறும் எடை பார்த்துப் பிள்ளையைப் பதறச் செய்ய வேண்டியதில்லை; மாதம் ஒருமுறை போதும். எடையைக் குறித்துவைக்கும்போது அருகிலேயே உயரத்தையும் எழுதி, அடுத்த முறை வரும்போது அக்குறிப்பேட்டைத் தவறாமல் எடுத்து வாருங்கள்.