பாலை உறைய வைக்கும் அத்தி

“உலர் அத்திப்பழத்தை வெதுவெதுப்பான பாலில் அரைத்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பால் கட்டிப்போய்விட்டது. கெட்டது பாலா, பழமா?” என்று அறந்தாங்கி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் கெடவில்லை. துருக்கியில் இதையே வேண்டுமென்று செய்து சாப்பிடுகிறார்கள். இன்ஜிர் உயுத்மசி என்று பெயர்.

காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், காம்பு கிள்ளி நறுக்கிய உலர் அத்தியைப் போட்டு அரைக்கிறார்கள். கிண்ணங்களில் ஊற்றி, துணி போர்த்தி, அசைக்காமல் ஓரிரு மணி நேரம் விடுகிறார்கள். பிறகு குளிர வைத்து, வால்நட் தூவித் தருகிறார்கள். சர்க்கரையும் வேண்டாம், உறைமோரும் வேண்டாம்.

வேலை செய்வது ஃபிசின் என்ற நொதி. அத்திக் காம்பைக் கிள்ளினால் வடிகிறதே, அந்தப் பாலில் இருப்பது. பழம் வெயிலில் காய்ந்த பிறகும் அதன் வீரியம் போவதில்லை. மாட்டுப் பாலில் கேசின் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அவற்றின் மேலுள்ள புரத இழைகள் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கின்றன. கீரமங்கலத்தில் பலா அறுப்பவர்கள் கையில் தடவும் எண்ணெய் மாதிரிதான். ஃபிசின் அந்த இழைகளை வெட்டிவிட, உருண்டைகள் ஒட்டி வலையாகிப் பால் உறைகிறது. தயிர் புளித்து உறைவது. இதில் புளிப்பே இருக்காது. ஹோமரின் இலியட் காவியத்திலேயே அத்திச் சாற்றில் பால் உறைவது உவமையாக வருகிறது.

ஒரு வேடிக்கை: ஃபிசினுக்கு நிறுத்தத் தெரியாது. உறைந்த பிறகும் புரதத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். நாள் கடந்தால் கசப்புத் தட்டும். அதனால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். கொதிக்கும் பாலில் போட்டாலோ நொதி செத்துவிடும், பால் உறையாது. கறி வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதிலுள்ள பப்பைன் இதற்குப் பங்காளி.

உலகிலேயே அதிகமாக உலர் அத்தி விளைவிக்கும் நாடு துருக்கி. அங்கே அய்டின் மாகாணம் அதற்குப் பேர்போனது. நம் நாட்டு அத்தி வேறு இனம். அதன் பிஞ்சில் பொரியலும் வற்றலும் செய்த வீடுகள் இங்கே உண்டு. இன்று பழம் மரத்தடியில் உதிர்ந்து மிதிபடுகிறது. நாமோ கடல் கடந்து வந்ததை எடைபோட்டு வாங்குகிறோம். வாங்குவது குற்றமில்லை, மரத்தை மறந்ததுதான் குற்றம். 2018-இல் கஜா புயல் நம் மாவட்டத்து மரங்களை வாரிக்கொண்டு போனது. இன்னும் வெறுமையாய்க் கிடக்கும் குளக்கரைகளில் ஊருக்கு ஓர் அத்தியாவது நடுங்கள்.