தொடுதலும் அனுபவமும்

பிறர் பார்வையில் படாமலே அவரைப் பார்க்கலாம். தொடப்படாமல் தொட முடியாது. வலக்கை இடக்கையைத் தொடும்போது தொடுவது எது, தொடப்படுவது எது என்பது மாறிக்கொண்டே இருக்கும் என்றார் பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போந்தி. தீண்டாமை அஞ்சுவது இதற்குத்தான். எட்ட நின்று நம் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றியவர் தன் தோலின் உணர்வையும் சேர்த்தே மறுத்தார்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அவர் விரும்பினால் தொடலாம். நம்மால் விலக முடியாது. விட்டு வெளியேறும் சுதந்திரம் இல்லாததே வாழ்ந்த அனுபவம் என வாதிடுகிறது, கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012இல் வெளியிட்ட நூல். சேரியில் தங்கி ஆய்வு செய்பவர் ஊர் திரும்பலாம். தரவு தருவது நாம், கோட்பாடு எழுதுவது அவர் என்ற பிரிவினையும் சாதிதான். மாணவத் தோழர்களே, அனுபவத்தைச் சொல்வதோடு நிறுத்தாமல் அதைக் கோட்பாடாக்கும் வேலையையும் நாம் செய்ய வேண்டும்.