டிவி ரெக்கார்டர்: கொடுத்த காசுக்குத் தகுமா?

டிஜிட்டல் டிவி ரெக்கார்டர் என்பது தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நாடாவுக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்கில் பதிந்து வைத்து, வேண்டும்போது ஓட்டிக் காட்டும் பெட்டி. வீடுகளுக்கான முதல் இரண்டு பெட்டிகளும் 1999 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. ஒன்று டிவோ, சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ஜிம் பார்ட்டனும் மைக் ராம்சேயும் உருவாக்கியது. மற்றொன்று ஆன்டனி வுட் தொடங்கிய ரீப்ளே டிவி. ரெக்கார்டரின் தேவையைப் பின்னாளில் குறைத்தவை இணையவழிப் பெட்டிகள். அவற்றில் முக்கியமான ரோக்குவை ஆரம்பித்தவரும் இதே வுட்தான்.

பிலிப்ஸ் பெயரில் விற்ற முதல் டிவோவில் 14 மணி நேரம் பதியும் மாடல் 499 டாலர், 30 மணி நேரம் பதியும் மாடல் 999 டாலர். அப்போது நாடாவில் பதியும் ஒரு சாதாரண விசிஆர் 200 டாலருக்குள் கிடைத்தது. நிகழ்ச்சியைப் பதிவது மட்டும்தான் நோக்கம் என்றால் விசிஆரே போதும். கூடுதல் பணம் எதற்கு என்பது பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் விளங்கும்.

டிவி படத்தைச் சுருக்காமல் எண்களாக மாற்றினால் ஒரு விநாடிக்கு 16 கோடி பிட்டுகளுக்கு மேல் வரும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 75 ஜிபி. முதல் டிவோவில் இருந்த டிஸ்கோ சுமார் 13 ஜிபிதான். இந்த இடைவெளியை அடைத்தது எம்பெக்-2 என்ற சுருக்க முறை. அடுத்தடுத்த படச்சட்டங்களில் பெரும்பகுதி மாறுவதில்லை. செய்தி வாசிப்பவரின் பின்னால் இருக்கும் சுவர் விநாடிக்கு 30 தடவை புதிதாகப் பிறப்பதில்லை. அதனால் சில சட்டங்களை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் எது எந்தப் பக்கம் நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் குறித்தால் போதும். இப்படிச் செய்தால் மணிக்கு 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆனால் அது தரத்தைக் குறைத்துப் பெற்ற கணக்கு. வேகமாக ஓடும் பந்தும் அலையடிக்கும் நீரும் கட்டம் கட்டமாகச் சிதறும். விளையாட்டை நல்ல தரத்தில் பதிய நினைத்தவருக்கு 14 மணி நேரப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம்தான் தந்தது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த மணிக்கணக்கு மிகக் குறைந்த தரத்துக்கானது என்பதை வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன பிறகே தெரிந்துகொண்டார்கள்.

நாடாவால் செய்ய முடியாத வேலை ஒன்று டிஸ்கால் முடியும். நாடாவில் எழுதும்போது படிக்க இயலாது. டிஸ்கின் முனையோ ஓரிடத்தில் எழுதிவிட்டு, கண்ணிமைக்கும் முன் வேறிடத்துக்குத் தாவிப் படித்துத் திரும்பும். சுருக்கிய படத்துக்கு விநாடிக்குக் கால் எம்பி போதும். அக்காலத்து டிஸ்குகளே விநாடிக்குப் பல எம்பி கையாண்டன. மிச்சமிருக்கும் நேரத்தில் இரண்டு வேலையும் நடந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நேரலையை நிறுத்தி வைக்கவும், பின்னோக்கி ஓட்டவும், 9 மணி நிகழ்ச்சி முடியும் முன்பே 9.20-க்கு அதை முதலிலிருந்து பார்க்கவும் முடிந்தது இதனால்தான். பார்க்கும் சேனலின் கடைசி 30 நிமிடத்தைப் பெட்டி எப்போதும் பதிந்துகொண்டே இருக்கும். பழையதன் மேல் புதியது எழுதப்படும். பதிந்துகொண்டே ஓட்டிக் காட்டும் உத்திக்கு டிவோ 2001-ல் காப்புரிமை பெற்றது. அதை மீறியதாகத் தொடர்ந்த வழக்கில் டிஷ் நெட்வொர்க்கும் எக்கோஸ்டாரும் 2011-ல் 50 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டன.

இத்தனையும் இருந்தும், பெட்டியின் உண்மையான மதிப்பு டிஸ்கில் இல்லை. அது நிகழ்ச்சி அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் டிவோ தொலைபேசி மோடம் வழியாக நிறுவனத்தை அழைத்து, வரும் நாட்களுக்கான அட்டவணையை வாங்கி வைத்துக்கொள்ளும். விசிஆருக்கு நாள், நேரம், சேனல் எண் சொல்ல வேண்டும். டிவோவுக்குத் தொடரின் பெயர் சொன்னால் போதும். நிகழ்ச்சி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறினாலும் தேடிப் பிடித்துவிடும். ரிமோட்டில் கட்டைவிரல் மேலே, கீழே என்று இரண்டு பொத்தான்கள். அவற்றை அழுத்தி வந்தால் கேட்காத நிகழ்ச்சிகளையும் ஊகித்துப் பதிந்து வைக்கும். ஊகம் சரியாக இருந்ததைவிட வேடிக்கையாக இருந்த நாட்கள் அதிகம்.

அட்டவணை நின்றுவிட்டால் பெட்டி பெரும்பாலும் பயனற்றது. அதனால்தான் சந்தா. தொடக்கத்தில் மாதம் 9.95 டாலர், அல்லது ஒரே தடவையாக 199 டாலர் கட்டி 'வாழ்நாள்' சந்தா. வகுத்துப் பார்த்தால் 20 மாதத்தில் வாழ்நாள் சந்தா லாபக் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் அந்த வாழ்நாள் வாங்கியவருடையது அல்ல, பெட்டியுடையது. பெட்டி பழுதானால் அதோடு சந்தாவும் போயிற்று. ரீப்ளே டிவி முதலில் மாதச் சந்தா கேட்கவில்லை; அந்தச் செலவையும் பெட்டியின் விலையிலேயே ஏற்றி விற்றது. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு டிவோ மலிவாகத் தெரிந்தது. சந்தாவைச் சேர்த்துக் கூட்டியவர்கள் குறைவு.

கூட்டிப் பார்க்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத் தொடர் என்பது உண்மையில் 42 முதல் 44 நிமிடம், மீதி விளம்பரம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் டிவி பார்ப்பவர், பதிந்து வைத்து விளம்பரங்களை ஓட்டிவிட்டால், மணிக்கு 16 நிமிடம் வீதம் வாரத்தில் 2 மணி 40 நிமிடம் மிச்சம். ஆண்டுக்கு ஏறக்குறைய 139 மணி நேரம். 499 டாலர் பெட்டியும் 199 டாலர் சந்தாவும் சேர்ந்து 698 டாலர். பெட்டிக்கு 30 வாட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 263 யூனிட் மின்சாரம். யூனிட் 8 சென்ட் என்றால் 21 டாலர். பெட்டி ஐந்தாண்டு உழைத்தால் மொத்தச் செலவு சுமார் 803 டாலர், மிச்சமான நேரம் 693 மணி. ஒரு மணி நேர ஓய்வின் விலை 1 டாலர் 16 சென்ட். அன்றைய அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5 டாலர் 15 சென்ட். இந்தக் கணக்கில் ரெக்கார்டர் நிச்சயம் தகும்.

கணக்கில் ஒரே ஓட்டை: மிச்சமான நேரத்தில் பார்ப்பவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்துபோவார் என்ற அனுமானம். பெட்டி நிறைய நிகழ்ச்சிகள் காத்திருக்கும்போது பெரும்பாலானவர்கள் அப்படி எழுவதில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் டிவி பார்ப்பவருக்கோ செலவு அதேதான், மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. செய்தி, கிரிக்கெட் போன்றவற்றை அந்த நேரத்திலேயே பார்த்தால்தான் சுவை என்று நினைப்பவருக்கு நேரலையை நிறுத்தி வைக்கும் வசதி தவிர வேறு பயன் குறைவு.

மின்சாரச் செலவைப் பலர் கவனிப்பதில்லை. முதல் டிவோவில் அணைக்கும் பொத்தானே கிடையாது. பிந்தைய கேபிள் ரெக்கார்டர்களில் பொத்தான் இருந்தாலும் முன்பக்க விளக்கு மங்கியதே தவிர டிஸ்க் சுழன்றுகொண்டேதான் இருந்தது. ஓர் உயர்தர ரெக்கார்டரும் இன்னோர் அறைக்கான உயர்தரச் செட் டாப் பாக்ஸும் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாக 446 யூனிட் இழுக்கின்றன, புதிய சிக்கனமான குளிர்சாதனப் பெட்டியைவிட அது அதிகம் என்று அமெரிக்காவின் என்ஆர்டிசி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் கணக்கிட்டது. இரவும் பகலும் சுழலும் டிஸ்க்தான் முதலில் தேயும் பாகமும். விவரம் தெரிந்தவர்கள் பெட்டியைத் திறந்து புது டிஸ்க் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் புதுப் பெட்டி வாங்கினார்கள்.

சட்டம் பெட்டிக்கு ஓரளவு சாதகமாக இருந்தது. ஒளிபரப்பைப் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனியின் பீட்டாமேக்ஸ் விசிஆர் வழக்கில் 1984-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்திருந்தது. விளம்பரங்களைத் தானாகவே தாண்டும் வசதியையும், பதிந்ததை இணையத்தில் நண்பருக்கு அனுப்பும் வசதியையும் ரீப்ளே டிவி சேர்த்தபோதுதான் 2001-ல் ஸ்டூடியோக்கள் வழக்குப் போட்டன. அப்போது ரீப்ளே டிவியை வைத்திருந்த சோனிக்புளூ 2003-ல் திவாலானது. டிவோவோ தானாகத் தாண்டாமல், ரிமோட்டை அழுத்தினால் வேகமாக ஓட்டும் வசதியோடு நின்றுகொண்டது.

விலைக் கணக்கை மாற்றியவை கேபிள் நிறுவனங்கள். செட் டாப் பாக்ஸுக்குள்ளேயே டிஸ்க் வைத்து மாத வாடகைக்குக் கொடுத்தன. முன்பணம் இல்லை, பழுதானால் மாற்றித் தருவார்கள். மென்பொருள் டிவோ அளவுக்கு நன்றாக இல்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பு வந்த பிறகு பெட்டிக்குள் சுருக்கும் வேலையும் இல்லாமல் போனது. வரும் பிட்டுகளை அப்படியே எழுதினால் போதும், தரம் ஒரு துளியும் குறையாது. இதற்கு மணிக்கு 8 முதல் 9 ஜிபி வரை தேவைப்பட்டாலும் டிஸ்க் விலை அதைவிட வேகமாக இறங்கிவிட்டது. பிறகு டிஸ்கே வீட்டைவிட்டுப் போயிற்று. 2017-ல் தொடங்கிய யூடியூப் டிவி, பதிவுகளைத் தன் சர்வரில் ஒன்பது மாதம் வைத்திருக்கிறது. சந்தாவை நிறுத்தினால் அவையும் கைவிட்டுப் போகும்.

இந்தியாவில் 2008-ல் வந்த டாடா ஸ்கை பிளஸ், டிஸ்க் வைத்த செட் டாப் பாக்ஸ் வகை. பின்னர் பல டிடிஹெச் பெட்டிகள் பென் டிரைவில் பதிய விட்டன. ஆனால் பதிந்தது அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். மறுநாள் மறு ஒளிபரப்பும் செயலியும் இருக்கும் தொடர்களுக்கு இங்கே ரெக்கார்டர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

1999-ல் 'வாழ்நாள்' சந்தா கட்டியவர்களின் பெட்டிகளுக்கு டிவோ 2016 செப்டம்பரில் அட்டவணை அனுப்புவதை நிறுத்தியது. 17 ஆண்டுகள் என்பது மோசமில்லை. 199 டாலருக்கு மாதம் ஒரு டாலர்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை அன்று வரை ஓடவைக்க எத்தனை டிஸ்க் மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

இன்று அமெரிக்காவில் தனி ரெக்கார்டருக்குக் காசு போடத் தகுந்த வீடு ஒன்றுதான்: ஆன்டெனா வைத்து இலவச ஒளிபரப்பைப் பார்க்கும் வீடு. 2023-ல் 100 டாலருக்குள் வந்த டேப்லோ பெட்டி இரண்டு டியூனரும் சந்தா இல்லாத அட்டவணையும் தருகிறது. வாரம் ஒரு மணி நேர விளம்பரத்தைத் தாண்டினாலே இரண்டு ஆண்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர் என்ற கணக்குக்கு வந்துவிடும். வாங்கும் முன் பார்க்க வேண்டியது, உள்ளூர் நிலையங்கள் ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறையில் சேனல்களைப் பூட்டி அனுப்புகின்றனவா என்பதே. பூட்டிய சேனலைத் திறக்கும் சான்று பெறாத பெட்டியால் அதைப் பதியவும் முடியாது.