பீற்றர்ஹோவ் அரண்மனையும் அதன் நீரூற்றுகளும்

ருஷ்ய நாட்டிலே, சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில், பின்லாந்து விரிகுடாவின் தென்கரையில் அமைந்துள்ளது பீற்றர்ஹோவ் என்னும் வேனில் அரண்மனை. அதன் முகம் கடலை நோக்கியது. மகா பீற்றர் மன்னன் தன் விருந்தினர் கடல்வழியே வந்து காணும் வண்ணம் அதனை வகுத்தான். கரையிலிருந்து நேரான கால்வாயொன்று பூங்காவை ஊடறுத்துச் செல்லும். அதன் முடிவில் மேட்டின்மீது அரண்மனை. சரிவிலே படிப்படியாக வீழும் நீர். பொன்முலாம் பூசிய சிலைகள். வானோக்கி எழும் நீர்த்தாரைகள். இவை யாவும் காண்போர் கண்ணைக் கவர்வன.

ஏறத்தாழ 150 நீரூற்றுகள் கொண்ட இப்பூங்காவில், நீரை மேலேற்றும் பொறி ஒன்றேனும் இல்லை என்பதே வியப்பு. பிரான்சு தேசத்து வேர்செயில்ஸ் அரண்மனையிலே, சேன் நதியின் நீரைப் பெருஞ் சக்கரங்களால் மேட்டுக்கு ஏற்றினர். அங்ஙனம் ஏற்றியும், எல்லா ஊற்றுகளும் ஒருங்கே இயங்குதற்கு நீர் போதவில்லை. 1717 ஆம் ஆண்டில் அவ்வரண்மனையைப் பார்வையிட்ட பீற்றர், தன் பூங்காவுக்கு வேறு வழி தேடினான்.

ஏறக்குறைய 22 கிலோமீற்றருக்கு அப்பால், றொப்ஷா மேட்டு நிலத்திலே வற்றாத சுனைகள் இருந்தன. துவொல்கொவ் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி, 1721 இல் அங்கிருந்து கால்வாய் வெட்டப்பட்டது. மேட்டுநீர் மெல்லச் சரிந்து குளங்களிலே தங்கி, பின்னர்க் குழாய்களின் வழியே தாழ்ந்த பூங்காவை அடைகின்றது. உயரத்தில் வைத்த தொட்டியின் நீர், கீழேயுள்ள குழாயைத் திறந்ததும் வேகத்துடன் பாய்வதை நாம் அறிவோம். குழாயின் வாயை மேனோக்கித் திருப்பினால் அவ்வேகமே நீரை உயர எழுப்பும். உராய்வினாலும் காற்றினாலும் சிறிது குறையுமேயன்றி, இதற்கு வேறு விசை வேண்டுவதில்லை. 1723 இல் அரண்மனை விழாக்கோலத்துடன் திறக்கப்பட்டது.

நடுநாயகமாக விளங்குவது சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சனின் சிலை. 1709 இல் பொல்ற்றாவாப் போரிலே சுவீடனை வென்றதன் நினைவாக, 1735 இல் இவ்வூற்று அமைக்கப்பட்டது. சிங்கத்தின் வாயினின்று எழும் நீர் 20 மீற்றர் உயரத்தை எட்டும்.

இவ்வழகுக்கும் அழிவு நேர்ந்தது. 1941 செப்டெம்பர் முதல் 1944 சனவரி வரை நாசிப் படைகள் இவ்விடத்தைக் கைப்பற்றியிருந்தன. அரண்மனை எரிந்தது, மரங்கள் வீழ்ந்தன, சாம்சன் சிலை காணாமற் போயிற்று. முன்னரே அகற்றியும் மண்ணிலே புதைத்தும் வைத்த சிலைகள் பல தப்பின. போர் ஓய்ந்ததும் மக்கள் இடிபாடுகளை அகற்றினர். 1946 இல் நீரூற்றுகள் மீண்டும் இயங்கின. பழைய சிலையின் படங்களை ஆதாரமாகக் கொண்டு சிற்பி சிமொனொவ் வடித்த புதிய சாம்சன் 1947 இல் நிறுவப்பட்டது.

சிலைகளையும் மாடங்களையும் மனிதர் மீண்டும் செய்தனர். ஆனால் அந்நீரை எழுப்பும் விசை நிலத்தின் சரிவிலே அடங்கியிருந்தமையால், பகைவரால் அதனைக் கவர்ந்து செல்ல முடியவில்லை. அரசர் சிலர்க்கென அமைந்த பூங்கா, இன்று பொதுமக்கள் யாவரும் உலாவும் காட்சிச்சாலையாக விளங்குகின்றது. அங்கே செல்வோர் பொன்னொளிரும் சிலைகளைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, அவற்றின் பின்னே தொலைவிலுள்ள சுனைகளையும், கால்வாய் வெட்டிய கைகளையும் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.